சித்தியின் கால் பட்ட கல்

பத்து வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. சித்தி சொல்வதை மற்றவர்களுக்குப் பிரெஞ்சில் சொல்லவேண்டும், மற்றவர்கள் சொல்வதைச் சித்திக்குத் தமிழில் சொல்லவேண்டும். வைத்தியர், வங்கி, தபால் கந்தோர், தெப்பனேர் என்கிற தெருமுனைச் சில்லறைக் கடை என்று எங்கே போனாலும் சித்தி ஒரு கையில் கைப்பையையும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொண்டுதான் புறப்படுவார். பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. சித்தியோடு போகும்போது மட்டும் பெரிய ஆட்கள் குனிந்து என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அதில் தலைகால் தெரியாத புளுகம்.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியலுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். வில்லரேயில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், என்னுடைய அறையில், எனக்கு எதிர்க் கட்டிலில்தான் சித்தி படுப்பார். அவர் சிரித்தால் சத்தம் வராது, கட்டில் மட்டும் ஆடும். அந்தக் கட்டிலை ஆட்டுவதற்காகவே நான் பள்ளிக்கூடத்தில் நடக்காததையெல்லாம் நடந்ததாகச் சொல்வேன். அக்கா, தங்கை யாரும் இல்லாத வீட்டில் எனக்கு எல்லாமே சித்திதான். அம்மாவிடம் இதைச் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும்.

அந்த மாரிகாலத்தின் தொடக்கத்தில் சித்திக்கு வேலை போனது. ஓட்டல்களின் விரிப்புகளைத் தோய்த்து அழுத்தி மடிக்கும் ஒரு சலவைச்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் பெரிய மேசைவிரிப்பு ஒன்று சூட்டு மெஷினில் அரைநிமிடம் கூடுதலாக இருந்து பழுப்பாகிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. சித்தியும் மற்ற விரிப்புகளோடு சேர்த்து அதையும் மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் காலையில் தொலைபேசியை என் காதில் வைத்து, நடந்ததை அப்படியே மேற்பார்வையாளரிடம் சொல்லச் சொன்னார்.

நானும் அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. சித்தி மிகவும் வருந்துகிறார் என்பதை மட்டும் என் சொந்தப் பொறுப்பில் சேர்த்தேன். அந்த மேற்பார்வைப் பெண் மிக மரியாதையாக நன்றி சொன்னார். அடுத்த திங்கட்கிழமை சித்தி போனபோது, இனி வரத் தேவையில்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் ஆருக்குத் தெரியப்போகுது?” என்றார் அம்மா. சித்தியைத்தான் கேட்டார். ஆனால் கேட்கும்போது என்னைப் பார்த்துக்கொண்டு கேட்டார். உண்மையைச் சொன்னது சித்தி என்றாலும், அதைப் பிரெஞ்சாக்கியது நான்தானே. என் வாய்தான் சித்தியின் வேலையைத் தின்றது என்று எனக்குத் திடமாகத் தோன்றிவிட்டது.

அதன்பிறகு சித்தி அதிகம் கதைக்கவில்லை. இந்த ஊரில் யாரையும் நம்பேலாது, உண்மை சொல்பவருக்கு இங்கே இடமில்லை என்று ஒருநாள் சொன்னார். டொரோண்டோவில் இருந்த பெரியம்மா இதற்காகவே காத்திருந்தவர்போலத் தினமும் தொலைபேசி எடுத்தார். அங்கே பிரெஞ்சு வேண்டாமாம், ஆங்கிலமும் பாதிநாள் வேண்டாமாம், கடைக்குப் போனால் தமிழிலேயே கத்தரிக்காய் வாங்கலாமாம். சித்தி சம்மதித்துவிட்டார். ஏப்ரல் முதல் சனிக்கிழமை பஸ். பெரியம்மா வீட்டில் அறையும் ஒதுக்கியாயிற்று. நான் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் வீணாகிறது என்று அப்பா கதவைத் தட்டினார்.

இதற்கு நடுவில்தான் கர்லிங் வந்தது. சித்தியின் பிரெஞ்சு வகுப்பு ஆசிரியை, இந்த நாட்டின் குளிர்காலத்தை ஒரு நாளாவது சிரித்துக்கொண்டு பாருங்கள் என்று சொல்லி, ஒரு ஞாயிறு வகுப்பு முழுவதையும் பஸ்ஸில் ஏற்றி ஒரு பழைய பனி மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். போனவர்களில் பாதிப்பேர் விழுந்தார்கள், மீதிப்பேர் குளிருக்குப் பயந்து மண்டபத்தின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமே இருந்துவிட்டார்கள். சித்தி ஆறு தரம் விழுந்து ஏழாம் தரம் எழும்பி நின்றார். அந்த ஞாயிறு தொடங்கி ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் போகத் தொடங்கினார். சித்தி போனால் அவருடைய வாயும் போகவேண்டுமே, நானும் போனேன்.

ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நீளமான ஒரு பனித்தரை. அதன் மறுமுனையில் ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்த வட்டங்கள். ஆட்டுக்கல்லைத் தட்டையாக்கிக் கேத்தில் பிடி பூட்டியதுபோல ஒரு கருங்கல், பத்து வயதுப் பிள்ளையால் தூக்க முடியாத பாரம். அதை இந்த முனையிலிருந்து வழுக்கிக்கொண்டே போய்க் கைவிட வேண்டும். அது ஓடி ஓடி, கடைசியில் ஒரு பக்கமாக வளைந்து, வட்டத்தின் நடுவில் போய் நிற்கவேண்டும். யாருடைய கல் நடுவுக்குக் கிட்ட நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. அணிக்கு நாலு பேர். ஒருவர் கல்லை விட, இரண்டுபேர் கல்லுக்கு முன்னால் ஓடி, நீளத்தடியில் பூட்டிய தூரிகையால் பனியைத் தேய்ப்பார்கள். நாலாமவர் வட்டத்தில் நின்று குறி காட்டுவார். தேய்த்தால் பனி கொஞ்சம் இளகிக் கல் கூடுதல் தூரம் போகும், வளைவும் குறையும். ஓடிக்கொண்டே தேய்க்க வேண்டும், வழுக்கி விழக்கூடாது, முக்கியமாகக் கல்லில் படவே கூடாது.

கேட்கச் சுலபம். ஒரு சப்பாத்தின் அடி வழுக்கும், மற்றதன் அடி பிடிக்கும். கல்லைக் கொஞ்சம் உந்திவிட்டால் வட்டத்தைத் தாண்டிப் பின்சுவருக்குப் போய்விடும், கொஞ்சம் தயங்கினால் பாதிவழியில் நின்றுவிடும். முதல் மாதம் சித்தியின் முழங்கால்கள் இரண்டும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. அம்மா எண்ணெய் பூசிவிட்டுக்கொண்டே, வீட்டைக் கூட்டச் சொன்னால் இடுப்பு நோகுது என்பவள் ஊரான் வீட்டுப் பனியைக் கூட்ட ஓடுகிறாள் என்று குத்திக் காட்டினார். அந்தத் தூரிகைக்கு அம்மா வைத்த பெயர், வீடு கூட்டும் தும்புத்தடி. அதை அம்மா கண்ணாலும் கண்டதில்லை.

ஆனால் சித்தியிடம் ஒரு விசேஷம் இருந்தது. கல் கையைவிட்டுப் புறப்பட்டதுமே, அது எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரிகிறது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. “விட்ட கல்லைத் திரும்பக் கூப்பிடேலாது. ஆனால் அதுக்கு முன்னாலை ஓடி ஏதாவது செய்யலாம், பார்” என்று ஒருமுறை சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த வெளிச்சம், வேலை போனதற்குப் பிறகு நான் காணாத ஒன்று. இரண்டு மணிநேரம் கதைக்கவே வேண்டாத ஒரு விளையாட்டு அவருக்குக் கிடைத்துவிட்டது. நான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வீட்டுப்பாடம் செய்வேன். என் உத்தியோகத்துக்கு ஆபத்து வந்துவிட்டதோ என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

வகுப்பிலிருந்து வந்தவர்களில் நாலு பேர் ஓர் அணியானார்கள். அணித்தலைவர் பெரு நாட்டுக்காரர் ஒருவர், மற்ற இருவர் சீனக் கணவனும் மனைவியும். மாரி முடிவில் அந்த மண்டபத்தில் ஒரு சிறு போட்டி நடப்பது வழக்கம். அதில் எல்லோரும் ஆச்சரியப்பட, இவர்கள் அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். அரையிறுதி மார்ச் கடைசி ஞாயிறு. இறுதியாட்டம் இரண்டு வாரம் கழித்து. சித்தியின் பஸ் இந்த இரண்டுக்கும் நடுவில். பெருக்காரர் கவலையோடு என்னிடம் கேட்டார், நான் சித்தியிடம் கேட்டேன். சித்தி யோசித்துவிட்டு, வென்றால் இறுதியாட்டம் முடியும்வரை நிற்கிறேன், தோற்றால் குறித்த சனிக்கிழமையே போகிறேன் என்றார்.

நான் கணக்குப் போட்டேன். இரண்டு வாரம் என்பது நீண்ட காலம். இரண்டு வாரத்தில் பெரியம்மாவுக்கு மனம் மாறலாம், அம்மாவுக்குக் காய்ச்சல் வரலாம், எனக்கேகூட வரலாம், வரவழைக்கலாம். அதற்கு முதலில் அவர்கள் வெல்லவேண்டும். மாதா படத்துக்கு முன்னால் ஒரு கிழமை முழங்காலில் நின்றேன். இத்தனைக்கும் நாங்கள் சைவக்காரர். அந்தப் படம் கீழ்வீட்டு மன்னார் ஆச்சியுடையது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த விளையாட்டில் நடுவர் கிடையாது. ஓடுகிற கல்லில் யாருடைய காலாவது தூரிகையாவது பட்டால், பட்டவரே சொல்லவேண்டும். எதிரணி கண்டாலும் காணாததுபோல நிற்கும், அதைச் சொல்வது அவர்களுடைய வேலையில்லை. முதல் நாளே ஆசிரியை இதை விளக்க, நான் சித்திக்குத் தமிழில் சொல்லியிருந்தேன். சித்தி அதைத் திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பட்டதைச் சொன்னபிறகு என்ன நடக்கும் என்று நான் ஆசிரியையிடம் கேட்டு வைக்கவில்லை. சலவைச்சாலையில் நடந்ததுதான் நடக்கும், வேறு என்ன.

அரையிறுதியில் எதிரணிக்குத் தலைவி வெள்ளை முடியை ஒட்ட வெட்டிய ஒரு கியூபெக் அம்மா. அந்த மண்டபத்திலேயே அதிக காலம் ஆடியவர் அவர்தான். ஆட்டம் தொடங்குமுன் எட்டுப்பேரும் கைகொடுத்துக்கொண்டார்கள். சித்திக்கு ஏதாவது சொல்லவேண்டி வரலாம் என்று, வட்டத்துக்குப் பின்னாலிருந்த ஒடுங்கிய நடைபாதையில் நான் நிற்கலாம் என்று அந்த அம்மாவே அனுமதி கொடுத்தார்.

கடைசிச் சுற்றுக்கு வரும்போது இரண்டு பக்கமும் சமம். கடைசிக் கல் எங்களுடையது. வட்டத்தின் நடுவை ஒட்டி எதிரணியின் கல் ஒன்று நின்றது, அதைவிட ஒரு சாணாவது உள்ளே போனால்தான் வெற்றி. பெருக்காரர் கல்லை விட்டார். விட்ட கையோடு அவருடைய முகம் கறுத்துவிட்டது. வேகம் போதாது. சித்தியும் சீனக் கணவரும் பாய்ந்து தேய்க்கத் தொடங்கினார்கள். கல் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது, முனகிக்கொண்டு, களைத்துக்கொண்டு. சித்தி தலையைக் குனிந்து முழு உடம்பையும் தடியில் போட்டுத் தேய்த்தார். கல் முதல் வளையத்தைத் தாண்டியது. இரண்டாவதையும் தாண்டியது. இனி நின்றுவிடும் என்று நான் மூச்சைப் பிடித்த நேரம், பின்னுக்கு நகர்ந்த சித்தியின் சப்பாத்துக் குதி கல்லின் பக்கத்தில் ஒரு கணம் உரசியது. கல் அதற்குப் பிறகும் ஊர்ந்து, நடுவில் போய் நின்றது.

சீனக் கணவர் கல்லின் மறுபக்கத்தில் நின்றார், அவர் காணவில்லை. அவர் மனைவி வட்டத்தில் நின்று எதிரணிக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருக்காரர் தூரத்தில் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நின்றார். யாரும் காணவில்லை என்று நான் நினைத்தேன். அப்போது சித்தி செய்த காரியத்தை மண்டபம் முழுவதும் கண்டது. எங்கள் வீடுகளில் புத்தகத்தில், அரிசியில், தையல் மெஷினில் கால் பட்டுவிட்டால் என்ன செய்வோமோ அதைச் செய்தார். குனிந்து, நின்றுவிட்ட கல்லை விரல்நுனியால் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது. அவருக்கு அது புளியங்கொட்டை வைத்து ஆடும் ஆட்டமில்லை. அந்தக் கல்லில் அவருக்கு மரியாதை இருந்தது.

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சித்தி நிமிர்ந்து என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, என்ரை கால் கல்லிலை பட்டிட்டுது. அந்த அம்மாவுக்குச் சொல்லு.”

எனக்கு இரண்டடி முன்னால் நின்ற வெள்ளைமுடி அம்மா என் பக்கம் திரும்பி, உன் சித்தி என்ன சொல்கிறார் என்று பிரெஞ்சில் கேட்டார். நான் சித்தியின் கட்டிலை நினைத்தேன். அதில் மெத்தை மட்டும் இருப்பதை நினைத்தேன். பிறகு வாயைத் திறந்தேன். எங்கள் ஊரில் நல்லது நடந்தால் இப்படித் தொட்டுக் கும்பிடுவது வழக்கம், சித்தி கல்லுக்கு நன்றி சொல்கிறார் என்றேன். என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அந்தளவுக்கு எனக்குத் தொழில் பழகியிருந்தது.

அந்த அம்மா முதலில் சித்தியின் முகத்தைப் பார்த்தார். சித்தி தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தீர்ப்புக்கு நிற்பவர்போல நின்றார். பிறகு அந்த அம்மா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, உள்ளங்கையைக் கீழ்நோக்கிப் பதித்துக் காட்டி, நல்லது, கல் நின்ற இடத்திலேயே இருக்கட்டும் என்றார்.

“என்னவாம்?” என்றார் சித்தி.

“பரவாயில்லையாம். கல் அங்கையே இருக்கட்டுமாம்.”

“கால் பட்டது எண்டு வடிவாச் சொன்னனியோ?”

“ஓம் சித்தி.”

சித்திக்குக் கண் நிறைந்துவிட்டது. நேரே போய் அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மெர்ஸி என்றார், திரும்பத் திரும்ப அதையே சொன்னார். இந்தக் கிழவியை எவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் கும்மாளம்.

ஆட்டம் முடிந்தால் இரண்டு அணியும் ஒரே மேசையில் இருந்து ஏதாவது குடிக்கவேண்டும், வென்றவர்கள் வாங்கிக் கொடுக்கவேண்டும். அது அங்கே வழக்கம். சித்தி தோடம்பழச் சாறு குடித்தார். வெள்ளைமுடி அம்மா சித்திக்குப் பக்கத்துக் கதிரையில் வந்திருந்து, உன் சித்தி மாதிரி ஓர் ஆள் எங்கள் மண்டபத்துக்கு வந்தது எங்களுக்குச் சந்தோஷம் என்று சொல்லு என்றார். இதை நான் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். உண்மையைச் சொல்வதில் நட்டமில்லாதபோது நான் மிக நேர்மையானவள்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் சித்தி ஜன்னலோரம் இருந்தார். ஜான்-தலோன் தெரு கிட்ட வரும்போது மெதுவாகச் சொன்னார்.

“அங்கையும் உண்மையைத்தான் சொன்னன். இஞ்சையும் உண்மையைத்தான் சொன்னன். இஞ்சை இருக்கட்டும் எண்டிட்டினம், பாத்தியே.”

நான் ஓம் என்று தலையை ஆட்டினேன்.

இறுதியாட்டத்தில் மிக மோசமாகத் தோற்றார்கள். பார்க்கச் சகிக்காத தோல்வி, பாதியிலேயே கைகொடுத்து முடித்துக்கொண்டார்கள். அன்று மாலை சித்தி பெட்டி அடுக்குவார் என்று காத்திருந்தேன். காய்ச்சல் வரவழைக்கும் ஏற்பாடுகளையும் தொடங்கியிருந்தேன். சித்தி பெட்டியை எடுக்கவேயில்லை. பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, நான் வரேல்லை, இஞ்சையும் நல்ல மனிசர் இருக்கினம் என்று சொன்னார். பெரியம்மா கோபித்துக்கொண்டு ஒரு வருடம் கதைக்கவில்லை. தோற்றபிறகும் ஏன் நின்றார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆட்டத்தை வென்று கொடுத்த என் கெட்டித்தனம்தான் எப்படியோ வேலை செய்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

சித்தி பிரெஞ்சு படித்தார். ஒரு கார்தரியின், அதாவது குழந்தைகள் காப்பகத்தின், சமையலறையில் வேலை எடுத்து, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தனியாக வீடும் எடுத்தார். என் உத்தியோகம் மெல்ல மெல்லப் போய்விட்டது. ஆனால் ஞாயிறு தவறாமல் அவரோடு மண்டபத்துக்குப் போனேன், பிறகு நானும் ஆடத் தொடங்கினேன். பதினாறு வயதில் ஒரு நாள் ஆட்டத்தில் என் தூரிகை கல்லில் பட்டுவிட்டது. நானே சொன்னேன். கல்லை எடுத்துவிடுவார்கள் என்று குனிந்தபோது, எதிரணித் தலைவன் கொஞ்சம் யோசித்து, பெரிய வித்தியாசமில்லை, இருக்கட்டும் என்றான். வட்டத்துக்குக் கிட்ட நடந்தால் எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்வது எதிரணியின் உரிமையாம். அவன் உள்ளங்கையைக் கீழே பதித்துக் காட்டியபோது, ஆறு வருடத்துக்கு முந்தைய இன்னோர் உள்ளங்கை என் கண்முன் வந்து நின்றது.

அன்றே சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கதிரையில் இருக்கவும் தோன்றாமல், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அன்றைக்கு நீங்கள் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை, வேறொன்றைச் சொன்னேன் என்றேன். அழுகை வந்துவிட்டது.

சித்தி கத்தியை வைக்கவில்லை. “தெரியும்” என்றார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சித்தியை நிமிர்ந்து பார்த்தேன்.

“எனக்கு அடுத்த வருசமே தெரியும். கொஞ்சம் பிரெஞ்சு பிடிபட்டவுடனை அந்த வெள்ளைமுடி அம்மாவிட்டைக் கேட்டன், அண்டைக்கு ஏன் கல்லை எடுக்காமல் விட்டனீங்கள் எண்டு. என்ரை கால் பட்டதை அவ கண்டவவாம். நான் சொல்லச் சொன்னது இதுதான் எண்டு என்ரை முகத்திலையே தெரிஞ்சுதாம். நீ என்ன சொன்னனி எண்டும் சொன்னவ.”

“பேந்து ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?”

“நீயாச் சொல்லட்டும் எண்டு அவதான் சொன்னவ. அதுதான் பாத்துக்கொண்டிருந்தனாங்கள்.”

அந்த ஆறு வருடமும் ஒவ்வொரு ஞாயிறும் அந்த அம்மா மண்டபத்தில் என்னைக் கண்டதும் கிட்ட வருவார். படிப்பு எப்படி, வீட்டில் சுகமா என்று கேட்பார். நான் பதில் சொல்லி முடித்த பிறகும் உடனே போகமாட்டார், தடியை ஊன்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி கொஞ்சநேரம் பேசாமல் நிற்பார். பாவம், வயது போனவர், கால் உளைகிறதாக்கும் என்று நினைத்து, நான் ஓடிப்போய் அவருக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போடுவேன்.